ஆயிரம் மணி நேரம் பறந்தவன் வீவர் ஆன கதை

இரண்டாம் உலகப் போர் சமயம், ஹைதராபாத் பேகம்பேட்டில் இரண்டு வருஷம் டைகர் மாத் என்ற பயிற்சி விமானத்தை ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். முன் இருக்கையில் நான், பின்னால் பையன், நடுவில் பேசுவதற்கு ஒரு குழாய். அதில் கத்திக் கத்தியே தொண்டை போய்விட்டது. போர்முனைக்கு அனுப்புங்கள் என்று பலமுறை எழுதிக் கொடுத்த பிறகு 1944-இல் உத்தரவு வந்தது. ஹரிக்கேன் என்ற போர் விமானத்தில் பயிற்சியை முடித்துக்கொண்டு, பர்மாவின் அரக்கான் பக்கம் ஒரு ஸ்குவாட்ரனில், அதாவது விமானப் படைப்பிரிவில், போய்ச் சேர்ந்தேன்.

ஃப்ளைட் கமாண்டர், பறந்த நேரத்தைக் குறித்துவைக்கும் என் லாக் புக்கைப் புரட்டினார். ஆயிரத்துச் சொச்சம் மணி நேரம். "ஹரிக்கேன்ல எவ்வளவு?" என்றார். நாற்பது என்றேன். "அப்போ நாற்பதுதான்" என்று மூடிக் கொடுத்துவிட்டார்.

எங்களுக்கு வேவு பார்க்கும் வேலை. இரண்டிரண்டு விமானமாகப் போவோம். முன்னால் போகிறவர் தாழப் பறந்து ரோடு, ஆற்றங்கரை, மூங்கில் காடு எல்லாவற்றையும் பார்த்துக் குறித்துக்கொள்வார். பின்னால் போகிறவன் வீவர். இடமும் வலமுமாக நெளிந்துகொண்டே, ஜப்பான் விமானம் வருகிறதா என்று பார்த்து அவர் முதுகைக் காக்க வேண்டும். புதிதாக வருகிறவனுக்கு அதுதான் கிடைக்கும். சரி, போகட்டும். ஆனால் எனக்கு முன்னால் பறந்தது யார் தெரியுமா? பேகம்பேட்டில் நான் பறக்கப் பழக்கிய பையன். முதல் தடவை தனியாக இறங்கியபோது பந்து மாதிரி மூன்று குதி குதித்தவன்.

விமானமும் என்னைப் படுத்தியது. கிளம்பும்போது டைகர் மாத் வலப்பக்கம் இழுக்கும், ஹரிக்கேன் இடப்பக்கம். அதைச் சரிசெய்ய வால்பக்கத்து ரட்டரை மிதிக்க வேண்டிய என் கால்களோ இன்னும் பேகம்பேட்டிலேயே இருந்தன. சக்கரத்தை மடக்கும் லீவர் வலப்பக்கம் இருந்தது. தரையை விட்டதும் ஸ்டிக்கை இடது கைக்கு மாற்றிவிட்டு வலது கையால் அதைத் துழாவ வேண்டும். அந்த நேரம் பார்த்து விமானம் மூக்கை ஆட்டும். ஒரு மாணவன் அப்படி ஆட்டியிருந்தால் குழாய் வழியாக என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியும்.

வாய்தான் பெரிய எதிரி. ஒரு நாள் அவன் கொஞ்சம் அசிங்கமாகத் திருப்பினான். "ரட்டர், ரட்டர்!" என்று ரேடியோவில் கத்திவிட்டேன். இறங்கியதும் அவன் நேராக என்னிடம் வந்தான்.

"சார், நீங்க என்னைப் பார்க்காதீங்க. வானத்தைப் பாருங்க."

அந்த 'சார்' தான் இன்னும் எரிச்சலாக இருந்தது. சொன்னது சரி என்பதால் சாப்பாட்டு நேரம் வரை யாரோடும் பேசவில்லை. சாப்பாடும் டின்னில் அடைத்த சோயா சாஸேஜ்தான், பேசும்படி ஒன்றுமில்லை.

இரண்டு மாதம் கழித்து என்னை முன்னால் போகவிட்டார்கள். மலையை மேகம் மூடிக்கொண்டதால் பாதி வழியில் திரும்ப வேண்டியதாயிற்று. இறங்கினால், ஸ்குவாட்ரனில் இருந்த ஒரே பயிற்சி விமானமான ஹார்வர்ட் தயாராக நின்றது. பக்கத்தில் முந்தின நாள் வந்த ஒரு பையன். "நீங்கதானே இன்ஸ்ட்ரக்டரா இருந்தீங்க? இவனை ஒரு சுற்று கூட்டிட்டுப் போயிட்டு வாங்க" என்றார் ஃப்ளைட் கமாண்டர்.

ஹார்வர்டில் வாத்தியார் உட்காருவது பின் இருக்கையில். ஏறி உட்கார்ந்தேன்.