லோடு ஏறினால் மட்டும் ஊளையிடும் டிராக்டர்: பிரிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

காலி டிரெய்லரோடு போகும்போது வண்டி அமைதியாக ஓடும். கரும்போ மணலோ ஏற்றி ஒரு மேட்டில் ஏற்றினால் சீட்டுக்கு அடியிலிருந்து 'உய்ங்' என்று ஊளைச் சத்தம் வரும், இழுவையும் குறையும். பட்டறையில் முதலில் காதில் விழுவது "கியர் பாக்ஸ் போச்சு, பிரிச்சுப் பார்த்துடலாம்" என்பதுதான். அவசரப்படாதீர்கள். சத்தம் ஒரு புகார், இழுவைக் குறைவு இன்னொரு புகார். இரண்டுக்கும் ஒரே காரணமாகவும் இருக்கலாம், தனித்தனிக் காரணங்களாகவும் இருக்கலாம்.

இழுவைக்கு ஆர்.பி.எம். மீட்டரைப் பாருங்கள். மேட்டில் வேகம் குறையும்போது முள்ளும் சேர்ந்து இறங்கினால் எஞ்சினுக்கே வலு போதவில்லை. முள் அப்படியே நின்றோ மேலே ஏறியோ வண்டி மட்டும் தளர்ந்தால், எஞ்சின் கொடுக்கும் வலு சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லை. பின்சக்கரம் தரையில் வழுக்கவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. கருகிய வாடை வந்தால் சந்தேகமே இல்லை.

முள் இறங்கும் வண்டிக்குப் புகையே வழி காட்டும். கரும்புகை என்றால் காற்று போதவில்லை; ஏர் ஃபில்டரைப் பாருங்கள். ஆயில் பாத் வகையாக (காற்றை ஆயில் வழியே வடிகட்டுவது) இருந்தால் கிண்ணத்து ஆயிலை மாற்றி, கோடு வரை மட்டும் ஊற்றுங்கள். புகையே இல்லாமல் தளர்ந்தால் டீசல் போதவில்லை: ஃபில்டர், ஃபீட் பம்பின் சல்லடை, முழு ஆக்சிலேட்டரில் பம்ப் லீவர் கடைசி வரை போகிறதா என்பது, இவற்றைப் பாருங்கள். அரை மணி நேரம் நன்றாக ஓடிய பிறகு தளர்கிற வண்டியில் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது.

கிளட்சைச் சோதிக்க டிரெய்லரைக் கழற்றி, சமதரையில், முன்னால் யாரும் இல்லாத இடத்தில் நிறுத்துங்கள். இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்திப் பிடித்து, டாப் கியர் போட்டு, 1,500 ஆர்.பி.எம்.மில் கிளட்சை விடுங்கள். எஞ்சின் உடனே அணைய வேண்டும். அணையாமல் திணறிக்கொண்டு ஓடினால் கிளட்ச் பிளேட் பிடிக்கவில்லை. ஒரு முறைக்கு மேல் செய்யாதீர்கள், பிளேட் கருகிவிடும். பிறகு பெடலின் ஃப்ரீ பிளேயை (கிளட்ச் வேலை செய்யத் தொடங்கும் முன் பெடல் சும்மா இறங்கும் தூரம்) அளந்து பாருங்கள். பல டிராக்டர்களில் இது 20 முதல் 30 மில்லிமீட்டர். சரியான அளவு உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும். ஃப்ரீ பிளே இல்லை என்றால் ரிலீஸ் பேரிங் (பெடலை மிதித்தால் கிளட்சை விடுவிக்கும் பேரிங்) எப்போதும் கிளட்சின் விரல்களை (பிளேட்டை விடுவிக்கும் சிறு லீவர்களை) அழுத்திக்கொண்டே இருக்கும். பிளேட்டும் வழுக்கும், பேரிங்கும் கத்தும். பெடல் மேல் கால் வைத்தபடியே ஓட்டினாலும் இதேதான் நடக்கும்.

இனி சத்தம். வண்டி நிற்கும்போது நியூட்ரலில் கிளட்சை அழுத்துங்கள். அழுத்தும்போது சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங். அழுத்தாதபோது இருந்து, அழுத்தியதும் நின்றால் கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் (கிளட்சிலிருந்து சுழற்சியை உள்ளே கொண்டுபோகும் தண்டு) பேரிங். சமதளச் சாலையில் மெதுவாக ஓடும்போது கிளட்சை அழுத்தியும் சத்தம் தொடர்ந்து, வேகம் குறையக் குறைய அதுவும் குறைந்தால் பின்பக்கம்: கிரௌன் பினியன் (சுழற்சியைப் பின் அச்சுப் பக்கம் திருப்பும் பல்சக்கர ஜோடி), புல் கியர் (சக்கரத்தைச் சுற்றும் கடைசிப் பெரிய பல்சக்கரம்), ஆக்சில் பேரிங். ஒரே ஒரு கியரில் மட்டும் வந்தால் அந்த ஜோடிப் பற்களைப் பார்க்க வேண்டும். கியரே போடாமல் எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளை பெரும்பாலும் ஹைட்ராலிக் பம்புடையது. லிஃப்ட் லீவர் உச்சத்தில் கிடந்து ரிலீஃப் வால்வு (அதிக அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு) ஊதிக்கொண்டிருந்தால் சத்தமும் வரும், எஞ்சின் வலுவும் கொஞ்சம் வீணாகும். லீவரைக் கீழே இறக்கியதும் சத்தம் நின்றால் ஸ்பானரைத் தொடவே வேண்டாம்.

லோடில் மட்டும் ஏன் கத்துகிறது? சாய்ந்த பற்கள் உள்ள கியர்கள் சுற்றும்போது ஒன்றையொன்று பக்கவாட்டிலும் தள்ளும். லோடு கூடினால் தள்ளுவதும் கூடும். பேரிங் தேய்ந்தோ பினியன் நட் தளர்ந்தோ இருந்தால் பினியன் இடம் நகர்ந்து, பல்லின் நடுப்பகுதி தொட வேண்டிய இடத்தில் ஓரம் தொடும். அந்த ஓர உரசல்தான் ஊளை. காலியாக ஓடும்போது தள்ளும் விசை குறைவாக இருப்பதால் வண்டி நல்ல பிள்ளையாகத் தெரியும். இந்த நிலையில் பேரிங்கை மாற்றி ஷிம் (இடைவெளிக்கு வைக்கும் மெல்லிய தகடு) சரிசெய்தால் பற்கள் பிழைக்கும். ஒரு சீசன் அப்படியே ஓட்டினால் கிரௌனும் பினியனும் ஜோடியாகவே போய்விடும். ஒன்றை மட்டும் மாற்றுவது பயன்படாது, அவை ஜோடி சேர்த்தே தயாரிக்கப்படுபவை.

எஞ்சினையும் கியர் பாக்ஸையும் பிரிக்கும் முன் கியர் ஆயிலைச் சூடாக இருக்கும்போதே இறக்கிப் பாருங்கள். டிரெயின் போல்ட் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது இயல்பு. செதில்களோ துண்டுகளோ இருந்தால் பேரிங் அல்லது பல் உடைகிறது. மஞ்சள் மினுக்கம் காந்தத்தில் ஒட்டாது, ஆயிலில் மிதக்கும். அது வெண்கல புஷ் அல்லது வாஷர் தேய்மானம். ஆயில் பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. சேற்றுழவு செய்யும் வண்டிகளில் இது சகஜம், பேரிங்குகளில் துரு பிடித்துக் கரகரப்பதும் இதனால்தான். எண்ணெயில் மூழ்கிய பிரேக் உள்ள வண்டியில் கையேடு சொல்லும் ஆயிலைத் தவிர வேறெதையும் ஊற்றாதீர்கள். சாதாரண கியர் ஆயில் ஊற்றினால் பிரேக் பிடிக்கும்போது அதிர்ந்து கத்தும், அதைக் கியர் சத்தம் என்று தவறாக நினைக்கவும் வாய்ப்பு உண்டு.

இரண்டு புகாரும் ஒரே இடத்திலிருந்து வருவதும் உண்டு. கியர் பாக்ஸ் பிரீதர் (உள்ளிருக்கும் காற்று வெளியேறும் துளை) சேற்றால் அடைத்துக்கொண்டால், உள்ளே சூடான காற்று வெளியேற வழியில்லாமல் ஆயிலை இன்புட் ஷாஃப்ட் சீல் வழியாகத் தள்ளும். ஆயில் கிளட்ச் பிளேட்டில் படிந்து வழுக்கும். உள்ளே அளவு குறைந்து பேரிங் கத்தும். கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் உள்ள துளையைப் பாருங்கள். சேற்றுழவுக்கு அதில் பிளக் போடுவார்கள், மற்ற வேலைகளுக்குக் கழற்றிவிட வேண்டும். கழற்ற மறந்திருந்தால் கசிந்த ஆயில் உள்ளேயே தேங்கும். சொட்டுவது கறுப்பாக இருந்தால் எஞ்சின் பக்கத்து சீல், தேன் நிறத்தில் கெட்டியாக இருந்தால் கியர் பாக்ஸ் பக்கத்து சீல். ஆயில் குடித்த பிளேட்டைப் பெட்ரோலில் கழுவிப் போடுவது வீண் வேலை, சூடானதும் மறுபடி கசியும். பிளேட்டை மாற்றும்போதே சீல், ரிலீஸ் பேரிங், ஃப்ளைவீலில் இருக்கும் பைலட் பேரிங் மூன்றையும் மாற்றி, விரல்களின் உயரத்தை ஒரே அளவுக்குச் சரிசெய்து, பிரீதரைக் கழுவிவிட்டுத்தான் வண்டியைச் சேர்க்க வேண்டும்.