உட்பக்கம் உயர்ந்த வளைவு

சாலைப் பராமரிப்புப் பயிற்சிக்காக அலுவலகம் என்னைக் கோலாலம்பூருக்கு அனுப்பியபோது, ஒரு பிற்பகலை செப்பாங் பன்னாட்டுப் பந்தயத் தடத்துக்கு ஒதுக்கியிருந்தார்கள். கார் பந்தயத்தில் எனக்கு ஆர்வம் கிடையாது. நரேன் கார்த்திகேயன் பெயர் தெரியும், அதோடு சரி. தாரும் ஜல்லியும் பார்க்கலாம் என்றுதான் போனேன்.

விமான நிலையத்துக்கு அருகே 1999இல் திறக்கப்பட்ட தடம். 5.543 கிலோமீட்டர் நீளம், 15 வளைவுகள். ஃபார்முலா ஒன் பந்தயங்கள் 2017உடன் நின்றுவிட்டன. மோட்டோ ஜிபி பைக் பந்தயம் தொடர்கிறது.

கடைசி வளைவுக்கு வந்ததும் நின்றுவிட்டேன். நாம் சாலை போடும்போது வளைவின் வெளிவிளிம்பைத்தான் உயர்த்துவோம், வண்டி வெளியே தள்ளப்படக் கூடாதே என்று. இங்கே 2016இல் புதிதாகத் தார் போட்டபோது உட்பக்கத்தை ஏறத்தாழ ஒரு மீட்டர் உயர்த்தியிருக்கிறார்கள். உள்விளிம்பை ஒட்டித் திரும்புகிறவனின் வண்டி வெளிப்பக்கம் நழுவப் பார்க்கும்; அவன் வேகத்தைக் குறைக்க வேண்டும், அல்லது வேறு வழி தேட வேண்டும். இப்படி ஒரு வரைபடத்தை எங்கள் அலுவலகத்தில் கொடுத்தால் மெமோதான் வரும்.

அவர்களுக்கு அந்தத் துணிச்சல் வருவது வெளியே விட்டிருக்கும் இடத்தால். தடம் தவறினால் அகன்ற வெற்றிடம். ஆபத்தான வளைவுகளில் சக்கரத்தைப் புதைத்து வேகத்தை விழுங்கும் சரளைப் படுகை. அதற்கும் பின்னால் டயர் அடுக்குகள். ஓட்டுகிறவர் உலகின் தேர்ந்த ஓட்டுநர்களில் ஒருவர், ஆனாலும் தவறுவார் என்று கணக்குப் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். நேற்று உரிமம் வாங்கிய பையன் போகும் நம் சாலையிலோ வளைவுக்கு வெளியே புளியமரமும் சிமெண்ட் கம்பமும் நிற்கின்றன. மோதினால் 'ஓட்டுநரின் கவனக்குறைவு' என்று எழுதிக் கோப்பை மூடிவிடலாம்.

இவ்வளவு செய்தும் போதாத நாள் உண்டு. 2011 அக்டோபர் 23 அன்று 11ஆம் வளைவில் இத்தாலிய வீரர் மார்கோ சிமொன்செல்லியின் பைக் சாய்ந்தது. அது வெளியே வழுக்கிப் போகாமல், டயர் மீண்டும் பிடித்துக்கொண்டதால் தடத்தின் குறுக்கே திரும்பியது. பின்னால் வந்த இருவரின் பைக்குகள் மோதி அவர் இறந்தார். வெளியே எவ்வளவு இடம் இருந்தும் அவர் அந்தப் பக்கம் போகவில்லை.

மழைக்கு வேறு கதை. 2009 ஃபார்முலா ஒன் பந்தயத்தை, ஐரோப்பாவில் தொலைக்காட்சி பார்ப்பவர்களின் வசதிக்காக மாலை 5 மணிக்குத் தொடங்கினார்கள். அந்த நேரத்து மழை அந்த ஊரில் யாருக்குத்தான் தெரியாது? கொட்டித் தீர்த்தது. 56 சுற்றுகளில் 31உடன் முடிவை அறிவித்து, பாதிப் புள்ளிகள் கொடுத்தார்கள். எங்களைச் சுற்றிக்காட்டிய ஈப்போக்காரர், அன்றைக்குத் தப்பு வடிகாலில் இல்லை அண்ணே, கடிகாரத்தில்தான் என்றார்.

திரும்பி வந்ததும் நான் கேட்டது ஒன்றுதான்: விபத்து அதிகம் நடக்கும் ஒரு வளைவுக்கு வெளியே கொஞ்சம் வெற்றிடம். நிலம் கையகப்படுத்த முடியாது என்று பதில் வந்தது. தடுப்புக் கம்பி போட ஒப்புக்கொண்டார்கள். மரங்களைப் பற்றிய கோப்பு இன்னும் மேசை மேசையாகப் போய்க்கொண்டிருக்கிறது.