சிசிங்ஹர்ஸ்ட்: ரோஜாவை வளைத்துக் கட்டும் தோட்டம்

இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்து சிசிங்ஹர்ஸ்ட் தோட்டத்துக்குப் போனால் பூ பார்க்கும் அவசரத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு முதலில் கோபுரம் ஏறுங்கள். 78 படி. உச்சியில் நின்றால்தான் ஹெரால்ட் நிக்கல்சன் பட்ட பாடு தெரியும். 1930-இல் அவரும் மனைவி, எழுத்தாளர் விட்டா சாக்வில்-வெஸ்ட்டும் வாங்கியபோது இது இடிபாடும் குப்பையுமாகக் கிடந்த இடம். மிஞ்சிய பழைய சுவர்களும் கட்டடங்களும் ஒன்றுக்கொன்று கோணல். ஹெரால்ட் யூ என்ற பசுமை மாறா மரத்தை வேலியாக நட்டே நேர்ப்பார்வைகளை உண்டாக்கினார். ரோஜாத் தோட்டத்தின் நடுவில் வட்ட வேலி வைத்தார். வட்டத்தில் யார் கோணல் கண்டுபிடிப்பது!

கோடு அவருடையது, செடி விட்டாவுடையது. அடைசலாக நடுவது விட்டாவின் பாணி. ஆனால் பலரும் கவனிக்காமல் போவது ரோஜாக்களின் கவாத்து, அதாவது தண்டுகளை வெட்டி ஒழுங்குபடுத்தும் வேலை. தலைமைத் தோட்டக்காரர் ஜாக் வாஸ் கொண்டுவந்த முறை அது. குளிர்காலத்தில் கிழட்டுத் தண்டுகளை அடியோடு வெட்டிவிட்டு, செடியைச் சுற்றி ஹேசல் மரத்தின் வளையும் கம்புகளை வில்லாக வளைத்து இரு முனையையும் மண்ணில் ஊன்றுகிறார்கள். வெளிப்பக்கத் தண்டை முதலில் வளைத்து வில்லில் கட்டுவார்கள். உள்தண்டு அதன்மேல் வரும். நிமிர்ந்த தண்டில் நுனி மொட்டு கீழ்க்கணுக்களை அடக்கி வைக்கும், பூவும் உச்சியில்தான். வளைத்துவிட்டால் அந்த அதிகாரம் போய்விடும்; நீளம் முழுக்கக் கணுவுக்குக் கணு துளிர்க்கும். முற்றிய தண்டை வளைத்தால் படக்கென்று முறியும். விறைப்பான ரகங்களை முக்காலிபோல் நட்ட கழிகளில் சுற்றிக் கட்டுவதே சரி. இலை விடுமுன் போகிறவர்களுக்கு இந்தக் கட்டெல்லாம் வெறுங்கூடாகத் தெரியும். என்னைக் கேட்டால், தோட்டம் போடுகிறவர்கள் பார்க்க வேண்டியது அந்தக் கோலம்தான்.

வெள்ளைப் பூக்களுக்கென்றே உள்ள பகுதியான வெள்ளைத் தோட்டம் 1950 வாக்கில் நட்டது. நடுவில் இருந்த வாதுமை மரங்கள்மேல் ஏற்றிவிட்ட முல்லிகானி என்ற கொடி ரோஜாவின் பாரத்தில் மரங்களே போய்விட்டன. இப்போது இரும்புச் சட்டம் தாங்குகிறது. 1959 முதல் பமீலா ஷ்வெர்ட், சிபில்லெ க்ரொய்ட்ஸ்பெர்கர் என்ற இரு பெண்கள்தான் தோட்டத்தைக் கட்டிக் காத்தார்கள். 1967-இல் பாரம்பரிய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு ஏற்றது.

பழைய ரோஜாக்கள் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரே முறை, ஜூனில் பூக்கும். முல்லிகானி ஜூலைத் தொடக்கத்தில். ஜூன் கடைசியில் போனால் இரண்டிலும் கொஞ்சம் பார்க்கலாம். லண்டன் சேரிங் கிராஸிலிருந்து ஸ்டேபிள்ஹர்ஸ்ட் வரை ரயில், சுமார் ஒரு மணி நேரம். அங்கிருந்து நடக்க முடியாத தூரம். டாக்சி முன்பே சொல்லிவைப்பது நல்லது.