ரெவல்யூஷனைஸ் எப்போது எழுதலாம்?

வேலைக்கான விண்ணப்பக் கடிதத்தைத் திருத்தச் சொல்லி வரும் பிள்ளைகள் பலரும் 'ரெவல்யூஷனைஸ்' (revolutionise, அடியோடு மாற்றுவது) என்ற ஆங்கில வினையைத் தாராளமாகப் போடுகிறார்கள். கோப்பு அடுக்கும் முறையை மாற்றியதற்கெல்லாம் அது வேண்டாம், 'இம்ப்ரூவ்' போதும்.

ஒரு துறையே அடியோடு மாறினால்தான் அந்தச் சொல் பொருந்தும். 1956-இல் அமெரிக்காவில் மால்கம் மெக்லீன் என்ற லாரித் தொழிலதிபர் சரக்கு நிரப்பிய 58 பெரிய பெட்டிகளை, அதாவது கன்டெய்னர்களை, ஒரே கப்பலில் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். அதுவரை மூட்டை மூட்டையாக ஆட்கள் ஏற்றி இறக்கிய சரக்கை, கிரேன் பெட்டியோடு தூக்கிக் கப்பலில் வைத்தது. நாள்கணக்கில் நடந்த வேலை மணிக்கணக்கில் முடிந்தது. துறைமுகங்களின் அமைப்பே மாறியது. சுமை தூக்கியவர்கள் பலரின் பிழைப்பும் போனது, அதையும் மறக்கக் கூடாது. கன்டெய்னர், சரக்குப் போக்குவரத்தை 'ரெவல்யூஷனைஸ்' செய்தது என்று தயங்காமல் எழுதலாம்.

அப்புறம், எதை மாற்றியது என்ற செயப்படுபொருளைச் சொல்லாமல் விட்டால் வாக்கியம் அந்தரத்தில் தொங்கும். முன்னால் 'கம்ப்ளீட்லி' சேர்ப்பதும் வீண். அந்த முழுமை வினைக்குள்ளேயே இருக்கிறது. எழுத்துக்கூட்டலில் கடைசியில் எஸ் (-ise), இசட் (-ize) இரண்டும் சரி. ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்காதீர்கள், அவ்வளவுதான்.