இரண்டு பெயரில் ஒரே மாத்திரை

புதுச்சேரியில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கும் என் அத்தைக்கு வயது 81. கடலூரிலிருந்து பஸ் ஏறி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவேன். சென்ற ஆடியில் போனபோது அவருடைய பாதங்கள் இரண்டும் வீங்கியிருந்தன. விரலால் அழுத்தினால் குழி விழுந்து, அது மெல்லத்தான் நிரம்பியது. வீக்கத்துக்கு நீர் மாத்திரை தொடங்கியிருப்பதாகவும், இரவில் பாத்ரூம் போக எழுந்தால் தலை சுற்றுவதாகவும் சொன்னார்.

மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தேன். ஒவ்வோர் அறையிலும் கத்தரியால் வெட்டிய அட்டைத் துண்டுகள் கிடந்தன. பலவற்றில் பெயரும் இல்லை, காலாவதித் தேதியும் இல்லை. முப்பது பேருக்குத் தனியாளாக மாத்திரை பிரிக்கும் அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மீதி அட்டைகளை வாங்கிக் கட்டிலில் பரப்பிப் படித்தபோதுதான், அரசு மருத்துவமனையில் கொடுத்த அம்லோடிபின் 5 மில்லிகிராமும், தனியார் மருத்துவர் எழுதிக் கடையில் வேறொரு பிராண்டுப் பெயரில் வாங்கிய அதே அம்லோடிபின் 5 மில்லிகிராமும் தினமும் சேர்ந்தே உள்ளே போய்க்கொண்டிருந்தது தெரிந்தது.

ரத்த அழுத்தத்துக்கான இந்த மருந்து தமனிகளை விரிப்பதால், நுண்ணிய நாளங்களிலிருந்து நீர் கசிந்து கணுக்காலில் தங்குகிறது. அளவு கூடினால் வீக்கமும் கூடும். உடலில் உப்பும் நீரும் தேங்கி வரும் வீக்கம் அல்ல என்பதால், இதற்கு நீர் மாத்திரை அவ்வளவாகப் பயன்படுவதில்லை. மாறாக, முதியவர்களுக்கு எழுந்து நிற்கும்போது அழுத்தத்தை இறக்கி, விழவைத்துவிடும். ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது நோயாக எண்ணி இன்னொரு மருந்தைச் சேர்ப்பது இப்படித்தான் நடக்கிறது.

இரண்டு சீட்டுகளையும் ஒரே மருத்துவரிடம் காட்டினோம். நாமாக நிறுத்தியிருந்தால் அது வேறொரு ஆபத்தாகியிருக்கும். அவர் ஒரு அம்லோடிபினையும் நீர் மாத்திரையையும் நிறுத்தச் சொன்னார்; சில நாட்களில் வீக்கம் வடிந்தது.

அன்று இன்னொன்றும் கண்ணில் பட்டது. கிருத்திகை விரதம் என்று காலைச் சாப்பாட்டை விட்டுவிட்ட பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கு, வழக்கம்போல் சர்க்கரை நோய்க்கான கிளிமெபிரைடு மாத்திரையை எடுத்துவைத்திருந்தார்கள். வெறும் வயிற்றில் அது சர்க்கரையை இறக்கிவிடும். அந்த மயக்கத்தை வயதானவர் அசந்து தூங்குகிறார் என்று எளிதாக நினைத்துவிடுவார்கள். நல்லவேளை, நான் கேட்டபோது மாத்திரை இன்னும் கிண்ணத்திலேயே இருந்தது.

இப்போது அட்டைகளை வெட்டாமல், மருந்தின் மூலப்பெயர் எழுதிய கவரில் முழுதாக வைக்கிறார்கள். அத்தைக்குத்தான் சமாதானமாகவில்லை. "வெள்ளை மாத்திரை ரெண்டு இருந்துச்சே, செலவைக் குறைக்கிறியாடா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறார்.