‘அடுக்கு’ மறுபடி ஓடுகிறது

2012-ல் எழுதிய சின்ன புரோகிராம். ‘அடுக்கு’ என்று பெயர் வைத்திருந்தேன். கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை பேக்டரியில் கணக்கு எழுதுகிறேன். பசுந்தேயிலை எடைப் பட்டியல், விவசாயிகள் லெட்ஜர், எக்ஸெல், கால்குலேட்டர் என நாலு விண்டோ நாள் முழுக்கத் திறந்திருக்கும். இழுத்து இழுத்து மணிக்கட்டு வலித்ததால் அதை எழுதினேன். கண்ட்ரோல், ஆல்ட், 1 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் நாலும் அதனதன் இடத்தில் போய் உட்காரும். ஆபீஸில் மூன்று பேர் பயன்படுத்தினோம். அதன்பின் அந்தப் புரோகிராமின் கோடை (நிரல் வரிகளை) நான் திறக்கவே இல்லை.

அது ஓடிக்கொண்டிருந்த விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலேயே ஆதரவு நின்றுவிட்டது. எங்கள் ஆபீஸுக்கு இப்போதுதான் விண்டோஸ் 11 லேப்டாப் வந்தது. அதில் அடுக்கு ஓடியது, ஆனால் நாலு விண்டோவும் இடது மூலையில் கும்பலாக நின்றன. வலப்பக்கமும் கீழேயும் காலி. லெட்ஜர் பார்க்கிற அக்கா, “தம்பி, அது இல்லாம கை ஒடிஞ்ச மாதிரி இருக்கு, பாத்துக் குடுப்பா” என்றார். அன்று இரவே கோடைத் திறந்தேன்.

விண்டோக்களை அடுக்க மைக்ரோசாஃப்டின் இலவச பவர்டாய்ஸ் தொகுப்பில் ஃபேன்சிஸோன்ஸ் இருக்கிறது, விண்டோஸ் 11-லேயே ஸ்னாப் லேஅவுட்டும் இருக்கிறது. இரண்டும் நல்லவை. எங்களுக்கு வேண்டியது ஒன்றுதான்: கலைந்த நாலும் ஒரே அழுத்தில் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். அதைச் செய்யும் கோடு என்னிடம் ஏற்கெனவே இருக்கும்போது அதைக் கைவிட மனம் வரவில்லை.

எனக்குக் கிடைக்கும் நேரம் வாரத்தில் மூன்று இரவு, ஒவ்வொரு மணி நேரம். ஞாயிறு காலை இரண்டு மணி. அதனால் முதல் நாளே பாதியை வெட்டி எறிந்தேன். தீம், ஒலி, விண்டோவை மங்கலாக்கும் வசதி எல்லாம் போய்விட்டது. இன்னொரு பழக்கமும் வைத்துக்கொண்டேன். எழுந்திருக்கப் பத்து நிமிஷம் முன்பே நிறுத்தி, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைப் பைலின் முதல் வரியில் தமிழில் எழுதிவைப்பேன். ஐப்பசி மழையில் மரம் சாய்ந்து லைன் அறுந்தால் இங்கே கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஒரு வாரம் இரண்டு இரவு அப்படியே போனது. மூன்றாம் நாள் உட்கார்ந்தபோது அந்த ஒரு வரிதான் கைகொடுத்தது.

கும்பலாக நின்றதற்குக் காரணம் எளிது. பழைய 1366×768 திரையின் பிக்சல் எண்களை அப்படியே ஐஎன்ஐ பைலில் (புரோகிராமின் அமைப்புகளை எழுதிவைக்கும் பைல்) சேமித்திருந்தேன். இப்போது டாஸ்க்பார் போக மீதி இடத்தில் எத்தனை பங்கு என்று சேமிக்கிறேன். பாதி என்றால் எந்தத் திரையிலும் பாதி. ஒரே இரவில் முடிந்தது.

அதிக நேரம் தின்றது இடைவெளிதான். வீட்டு மெஷினில் இரண்டு விண்டோவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நடுவில் 14 பிக்சல் சந்து. கணக்கு சரி, பார்வைக்குத் தப்பு. விண்டோஸ் 7-ல் பருமனான கண்ணாடி ஓரம் கண்ணுக்குத் தெரிந்தது. விண்டோஸ் 10 முதல் ஓரத்தை மெல்லிசாக்கிவிட்டார்கள்; ஆனால் மவுஸால் பிடித்து இழுக்கும் இடத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் இடம், வலம், கீழே 7 பிக்சல் விட்டு வைத்திருக்கிறார்கள். விண்டோவின் அளவைக் கேட்கும் கெட்விண்டோரெக்ட் என்ற விண்டோஸ் கட்டளை அதையும் சேர்த்தே அளவு சொல்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஓரத்தை டிடபிள்யூஎம்மிடம் (விண்டோக்களைத் திரையில் வரைந்து காட்டும் விண்டோஸ் பகுதி) தனியாகக் கேட்க வேண்டும். இரண்டின் வித்தியாசத்தைக் கூட்டி வைத்ததும் சந்து அடைந்தது. அந்த ஞாயிறு எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

திங்கட்கிழமை ஆபீஸ் லேப்டாப்பில் போட்டால் எல்லாம் தாறுமாறு. அந்தத் திரை 1920×1080, ஆனால் 125 சதவீதப் பெரிதாக்கத்தில் இருக்கிறது. பழைய புரோகிராம் என்பதால் விண்டோஸ் அதற்கு 1536×864 என்று சுருக்கிச் சொல்கிறது. டிடபிள்யூஎம் மட்டும் உண்மையான பிக்சலையே தருகிறது. இரண்டையும் கழித்தால் விடை எப்படிச் சரியாக வரும்? இரண்டு இரவு குழம்பிய பிறகு, புரோகிராமைப் பற்றி விண்டோஸுக்குச் சொல்லும் மேனிஃபெஸ்ட் பைலில் ‘பெர் மானிட்டர் வி2’ என்ற ஒரு அமைப்பைச் சேர்த்தேன்; பெரிதாக்கத்தை நானே பார்த்துக்கொள்கிறேன், உண்மையான பிக்சலைச் சொல் என்று அதற்கு அர்த்தம். இப்போது எல்லாரும் ஒரே அளவுகோலில் பேசுகிறார்கள். இதை முதலில் செய்துவிட்டு இடைவெளியைத் தொட்டிருக்க வேண்டும். பழைய கோடைத் தூசு தட்டுகிறவர்கள் இந்த வரிசையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இடையில் யாரும் திறக்காத ‘செட்டிங்ஸ்’ விண்டோ ஒன்று பட்டியலில் வந்துகொண்டே இருந்தது. தூங்க வைக்கப்பட்ட ஆப்கள் மறைந்திருந்தாலும் ‘தெரிகிறேன்’ என்றே பதில் சொல்லும். ‘குளோக்டு’ (திரையில் காட்டாமல் மறைத்தது) என்ற குறி இருக்கிறதா என்று பார்த்துத் தள்ளிவிட்டேன். அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த விண்டோவை அடுக்கால் நகர்த்த முடியாது, அனுமதி இல்லை என்கிறது. அது பாதுகாப்புக்காக வைத்த தடுப்பு, உடைக்கப் போவதில்லை.

வியாழன் மாலை அக்காவின் லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தேன். மூன்று தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, “இப்பதான் என் மேஜை மாதிரி இருக்கு” என்றார்.

அடுத்தது இரண்டாவது மானிட்டர். மேனேஜர் சாரிடம் கேட்டு ஒரு பழைய 19 இன்ச் வாங்கி வந்திருக்கிறேன். பைலின் முதல் வரி இப்போது இப்படி இருக்கிறது: “வேறு பெரிதாக்கம் உள்ள திரைக்குப் போனதும் விண்டோ தானே அளவு மாறுகிறது. முதலில் நகர்த்து, பிறகு இன்னொரு தடவை அளவு வை.”