வளையத்தை அளந்து ஏமாற வேண்டாம்

எந்த எண்ணெய் பற்றீரியாவை நன்றாகத் தடுக்கிறது என்று பார்க்க, கராம்பு எண்ணெய் தோய்ந்த 6 மில்லிமீற்றர் வடிதாள் வில்லையை, ஸ்டெஃபிலோகொக்கஸ் ஓரியஸ் என்ற பற்றீரியா பூசிய ஏகாரில் (பற்றீரியா வளர்க்கும் கூழ்) வைத்து 35 பாகையில் விட்டால், 18 மணி நேரத்தில் சுற்றிலும் பற்றீரியா வளராத தெளிந்த வளையம் தெரியும். யூக்கலிப்டஸுக்கு வளையம் சிறிது என்றால் உடனே கராம்புக்கு முதலிடம் கொடுத்துவிடுகிறோம். அவசரம் வேண்டாம். எண்ணெய் நீரில் கரையாது, ஏகாரோ பெரும்பகுதி நீர். எண்ணெய் எவ்வளவு தூரம் ஊர்ந்தது என்பதும் அந்த அகலத்தில் அடக்கம். ஒரே கிண்ணத்தில் நாலு எண்ணெய் வைத்தால் ஆவியும் கலந்துவிடும். கிண்ணத்துக்கு ஒன்றே போதும்.

நம்பக்கூடியது ஐதாக்கல் முறை. 96 குழித் தட்டில், திரவ வளர்ப்பூடகத்தில் 2 சதவீத எண்ணெயில் தொடங்கிப் பாதி பாதியாகக் குறையுங்கள். எண்ணெய் கலக்க ட்வீன் 80, 0.5 சதவீதம். அதைக் கூட்டினால் எண்ணெய் அதன் நுண்துளிகளுக்குள் சிக்கி, வேலை செய்யாததுபோல் தோன்றும். ஒவ்வொரு குழியிலும் மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ 5 இலட்சம் கலங்கள் வரும்படி பற்றீரியா சேர்த்து, தட்டை ஒட்டுப்படலத்தால் மூடுங்கள். மூடாவிட்டால் எண்ணெய் பறந்துவிடும். மறுநாள் ரெசசூரின் என்ற நீலச் சாயம் விட்டால், உயிருள்ள குழி இளஞ்சிவப்பாகும், வளர்ச்சி நின்ற குழி நீலமாகவே இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க, எண்ணெயில்லாமல் ட்வீனும் பற்றீரியாவும் மட்டும் உள்ள குழி கட்டாயம். நீலம் என்றால் வளர்ச்சி நின்றது, அவ்வளவுதான். செத்ததா என்றறிய அந்தக் குழியிலிருந்து ஒரு துளியைப் புதிய ஏகாரில் பூச வேண்டும்.

ஈ. கோலை என்ற பற்றீரியாவுக்கு வெளிமென்சவ்வு இருப்பதால் பொதுவாக அதிக எண்ணெய் தேவைப்படும். சூடோமோனாஸ் இன்னும் பிடிவாதக்காரன்.

எண்ணெயை நீங்களே வடிப்பதானால் ஒன்று: யூக்கலிப்டஸ் எண்ணெய் நீரில் மிதக்கும், கராம்பும் கறுவா இலையும் அடியில் தங்கும். மேலே மட்டும் எடுத்தால், கராம்பிலும் கறுவா இலையிலும் உள்ள முக்கிய கூறான யூஜெனோலைக் கொட்டிவிடுகிறீர்கள்.

மலையகத்தில் பலர் கவனிக்காதது ஓட்டோகிளேவ், அதாவது அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் கருவி. சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல் அழுத்தம், 121 பாகை, 15 நிமிடம் என்பது கடல்மட்டக் கணக்கு. நுவரெலியா 1868 மீற்றர் உயரம். அங்கே வெளியழுத்தம் குறைவு என்பதால் அதே 15 இறாத்தலில் உள்ளே சுமார் 118 பாகைதான் வரும். 18 இறாத்தலுக்கு ஏற்றுங்கள். கருவி இடம் தராவிட்டால் 30 நிமிடம் வையுங்கள். இல்லாவிட்டால் ஊடகத்தில் தப்பிய வித்திகள் முளைத்து, எண்ணெய் தோற்றதாகக் கணக்கு வரும். பாவித்த தட்டுகளையும் இதே கணக்கில் அவித்த பிறகே எறிய வேண்டும். நோய்க்கிருமி வளர்ப்பு ஆய்வுகூடத்தோடு நிற்கட்டும், குசினியில் வேண்டாம்.